கைக்குழந்தையோடு பயணம்: வன்னித் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு வான் கிளிநொச்சியிலிருந்து கோயில்களுக்கும் கொழும்புக்கும் வாடகைக்கு ஓடுகிறது. கணவர் ஓட்டுகிறார், முற்பதிவுத் தொலைபேசி என் பொறுப்பு. வாடகை பேசி முடித்த பிறகும் தொலைபேசியை வைக்காமல், “அக்கா, பிள்ளைக்கு என்னென்ன எடுத்து வைக்க?” என்று கேட்கும் தாய்மார் பலர். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்த அனுபவத்திலும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்தவற்றிலுமிருந்து விடை எழுதியிருக்கிறேன்.

பிள்ளைக்கு எத்தனை பை கட்ட வேணும், அக்கா?

இரண்டு. ஒன்று வண்டியின் பின்பக்கம் போகும் பெரிய பை. மற்றது தாயின் காலடியை விட்டு நகராத கைப்பை. எந்தப் பொருளை எதற்குள் வைப்பது என்று தடுமாறும்போது, வண்டி இந்த இடத்திலேயே இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டால் இது இல்லாமல் பிள்ளையைச் சமாளிக்கலாமா என்று உங்களையே கேளுங்கள். சமாளிக்க முடியாது என்றால் அது கைப்பைக்குரியது. மற்றதெல்லாம் பின்னால் போகட்டும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. மூத்தவனுக்குப் பத்து மாதமாக இருந்தபோது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம். பிள்ளையின் ஒரே பையை நானே பின்னால் வைத்தேன்; அதன் மேல் பானை, அரிசி, விறகுக்கட்டு, மாமியின் பாய் என்று எல்லாம் ஏறிவிட்டன. ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் சில்லுக்குக் காற்றுப் போனது. அதே நேரத்தில் பிள்ளைக்கு வயிறும் போனது. ஒரு துணித்துண்டை எடுப்பதற்காக வீதியோர வெயிலில் முழுச் சாமானையும் இறக்கி வைத்தோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரையான ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதியில் கடைகள் இல்லாமல் இல்லை, ஆனால் வண்டி கடை வாசலில் பழுதாவதில்லை.

கைப்பைக்குள்ளே சரியா என்னதான் வைக்கிறது?

மூன்று நான்கு பம்பேர்ஸ், ஈர ரிஷூ அல்லது நனைத்துப் பிழிந்த பருத்தித் துணிகள், விரித்துப் படுக்கவைக்க ஒரு துவாய், முழுமையாக ஒரு சோடி உடுப்பு, அழுக்கைக் கட்டி வைக்க ஐந்தாறு சொப்பிங் பைகள், அந்த நேரத்துச் சாப்பாடும் தண்ணீரும், மருந்துப் பொதி, கிளினிக் கொப்பி, ஒரு சிறிய சவர்க்காரத் துண்டு, ஒரு ரோச். தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் கிருமிநீக்கித் திரவம் (சனிடைசர்) இருந்தாலும் சவர்க்காரத்தை விடாதீர்கள், ஏனென்றால் கையில் அழுக்குத் தெரியும்போது அந்தத் திரவத்தால் முழுப் பயன் கிடைப்பதில்லை.

இவற்றோடு ஒரு பழைய பருத்திச் சேலையையும் மடித்து வையுங்கள். யன்னல் வெயிலுக்குத் திரையாகவும், பால் கொடுக்கும்போது மறைப்பாகவும், குளிர்ந்தால் போர்வையாகவும், போன இடத்தில் ஏணையாகவும் அது மாறும். வெளிநாட்டுக் கடைகளில் இதே வேலைகளுக்கு நான்கு தனித்தனிப் பொருட்கள் விற்கிறார்கள்.

பம்பேர்ஸ் எத்தனை கொண்டு போக?

பயண நேரத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அதற்கு மேல் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். நிறுத்தி நிறுத்திப் போனால் எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகும் என்பதால் ஆறு போதும். சித்திரை, வைகாசி வெயிலில் ஈரம் தெரியாவிட்டாலும் நேரத்துக்கு மாற்றுங்கள். வியர்வையே தோலைப் புண்ணாக்கிவிடும். மலிவாகக் கிடைத்தது என்று புதிய வகையொன்றைப் பயணத்தன்று முதன்முதலாகக் கட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

போன இடத்தில் துணிதான் நல்லது. பழைய வேட்டித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் வன்னி வெயிலில் துவைத்து ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மார்கழி மழையில் காயாது, அப்போது பம்பேர்ஸை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைச் சுருட்டிக் கட்டி, குப்பைத்தொட்டி வரும்வரை உங்களோடே வைத்திருங்கள். கோயில் மலசலகூடத்தில் போட்டால் குழாய் அடைக்கும். யன்னலால் எறிந்தால் நாய் இழுத்துப் பிய்க்கும், மாடு தின்னும். எங்கள் வானில் யன்னலால் எறிவதற்கு அனுமதி இல்லை என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுகிறேன்.

உடுப்பு எத்தனை சோடி?

நாளொன்றுக்கு மூன்று, பயணத்துக்கென்று மேலதிகமாக இரண்டு. சட்டை, காற்சட்டை, உள்பெனியன் ஆகியவற்றை ஒரே சுருளாகச் சுற்றி ஒவ்வொன்றையும் தனிப் பைக்குள் வைத்தால், இருட்டில்கூடத் தேடாமல் ஒன்றை இழுத்தெடுக்கலாம். பட்டுச் சட்டையை வீட்டிலேயே போட்டுவிடாமல் கோயில் வாசலில் மாற்றுங்கள். அநேகமாக எல்லோரும் மறப்பது தாய்க்கு ஒரு மாற்றுச் சட்டை. பிள்ளை சத்தி எடுப்பது தன் மேல் அல்ல.

நாலு மாதப் பிள்ளை, தாய்ப்பால் மட்டும்தான். இந்த வெக்கைக்குக் கொஞ்சம் கொதிச்சாறின தண்ணி குடுக்கலாமோ?

வேண்டாம். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வெயில் காலத்துத் தாகத்துக்கும் அதுவே போதும். வழக்கத்தைவிட அடிக்கடி மார்பில் விடுங்கள். தண்ணீர்ப் போத்தல் வேண்டியது தாய்க்கு. பயணத்தில் மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். சாரதியிடம் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, என் கணவராக இருந்தாலும் சரி.

பால்மா குடிக்கிற பிள்ளைக்கு வீட்டிலயே கரைச்சுப் போத்தலில கொண்டு போகலாம்தானே?

கரைத்த பால்மா எங்கள் வெப்பநிலையில் விரைவில் பழுதாகும். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்காததை ஊற்றிவிட வேண்டும். ஆகவே கொதித்த நீரைச் சுடுதண்ணிப் போத்தலிலும், ஒரு வேளைக்கான மாவை அளந்து உலர்ந்த சிறு டப்பாக்களிலும் தனித்தனியாகக் கொண்டுபோய், வேண்டிய நேரத்தில் கரையுங்கள். மாவிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால் நீர் குறைந்தது 70 பாகை சூட்டில் இருக்கும்போது கரைத்து, பிறகு குளிர்ந்த நீருள்ள கிண்ணத்தில் வைத்து ஆற்ற வேண்டும். சூப்பிப் போத்தலின் மூலைகளை வழியில் சுத்தமாகக் கழுவ முடியாது; சிறிய கோப்பையும் கரண்டியும் பழக்கியிருந்தால் வேலை பாதியாகும்.

தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கடலோரத்துக் கிணறுகள் பல உவர்ப்பானவை; உட்புறத்துக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் கல்லுத்தன்மை அதிகம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை எடுக்காது.

ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வழியில சாப்பிட என்ன குடுக்கிறது?

ஈரம் குறைந்தது, கையில் பிடித்துத் தின்னக்கூடியது, பிள்ளை ஏற்கெனவே தின்று பழகியது. கப்பல் வாழைப்பழம், தோலோடு கொண்டுபோய் அங்கே உரிக்கும் அவித்த முட்டை, குரக்கன் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு ஆகியவை நல்லவை. கிளினிக்கில் திரிபோஷாச் சத்துமா கிடைக்கும் பிள்ளையென்றால், அது ஏற்கெனவே பதப்படுத்தப்பட்ட மா என்பதால் வழியில் சீனியும் சுத்தமான நீரும் சேர்த்துக் குழைத்து உருண்டையாகக் கொடுக்கலாம். தேங்காய்ப்பால் விட்ட எதையும், குறிப்பாகச் சொதியை, வண்டியில் ஏற்றாதீர்கள். காலையில் வைத்தது பதினொரு மணிக்கே புளித்துவிடும். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பதும் கூடாது, அது உண்மையாகவே ஆபத்தானது.

முறிகண்டியில நிப்பாட்டினால் கச்சான் வாங்காமல் வர ஏலாதே. சின்னனுக்கும் ரெண்டு குடுக்கலாமோ?

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9 வீதியைக் கடந்தவர் குறைவு. நீங்கள் வாங்கிச் சாப்பிடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கக் கூடாது. ஓடும் வண்டியில் குலுங்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால், ஒரு நிமிடத்துக்குள் பெரும் விபரீதமாகிவிடும். முழுத் திராட்சைக்கும் கட்டி இனிப்புக்கும் இதுவே சட்டம். சீற்றுக்கடியில் சிந்திய கச்சானைத் தவழும் பிள்ளை பொறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முறிகண்டிக்குப் பிறகு நான் எப்போதும் வானைத் தட்டித் துப்புரவாக்குவேன்.

மருந்து என்னென்ன?

பிள்ளையின் நிறைக்கு வைத்தியர் சொன்ன அளவை மூடியிலேயே எழுதி ஒட்டிய பரசிற்றமோல் பாணி, அதை அளக்கும் கரண்டி, வெப்பமானி, இரண்டு மூன்று பொதி ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்), காயத்துக்குக் கட்டுத்துணி, வைத்தியர் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் மருந்து ஏதுமிருந்தால் அது. இவ்வளவும் கைப்பையில். பின்பக்கப் பை வெயிலில் அடுப்பைப் போலக் கொதிக்கும்.

காய்ச்சலென்றால் பரசிற்றமோலைத் தவிர இபுபுரோஃபன், அஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவை மோசமாக்கும். ஜீவனியை அரைப் பொதி, கால் பொதி என்று பிரிக்காமல், பொதியில் எழுதிய அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. ஏ9 வழியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளும், நடுவே மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன.

வானில ஏறினால் சத்திதான். மலைநாட்டுப் பக்கம் போகவே பயமாக் கிடக்கு.

புறப்படும்போது வயிறு முட்டவும் கூடாது, வெறுமையாகவும் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் இடியப்பம் போன்ற இலேசான உணவு போதும். தொலைபேசியில் படம் காட்டுவது பிள்ளையை அமைதியாக்கும் என்று நினைப்பீர்கள், ஆனால் குனிந்து பார்ப்பதுதான் சத்தியைக் கூட்டுகிறது. தூங்கும் நேரத்தைப் பார்த்து வளைவுப் பாதையைக் கடப்பது நல்லது. கண்டிக்கு மேலே ஏறும் பகுதி பிள்ளையின் மதியத் தூக்கத்தில் வரும்படி எங்கள் வீட்டில் நேரம் குறிக்கிறோம். சத்தி மருந்தை வைத்தியர் சொல்லாமல் சிறுபிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாமல் மெல்லிய உடுப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பகலில் கழற்றி இரவில் சேர்க்க வேண்டியிருக்கும். காதை மூடும் தொப்பியும் இரண்டு சோடி சொக்ஸும் அவசியம். குளிரூட்டிய இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போனாலும் இவையே உதவும்.

என்ன பத்திரங்கள் வேணும்? நாங்கள் உள்நாட்டுக்குள்ளதானே போறம்.

கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் பிள்ளையின் நிறை, ஊசிகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் அந்தக் கொப்பி சொல்லிவிடும். எங்கள் மாமி இன்றும் பக்கத்து ஊருக்குப் போனால்கூடப் பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றிப் பையின் மேற்பக்கத்தில்தான் வைப்பார். 2009 வரை ஊர்ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் நான்கு பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அப்படித்தான் காப்பாற்றினார். அவரிடம் பை கட்டச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. பலாலியிலிருந்து இந்தியாவுக்குப் பறக்கிறவர்கள், கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில் அறியாதீர்கள்.

போன வீட்டில தொட்டில் இல்லை. ஏணை கட்டலாமோ?

கைப்பையில் இருக்கும் சேலையோடு நல்ல கயிறும் கொண்டுபோனால் கட்டலாம். தென்னை வளையோ இரும்பு வளையோ, முதலில் ஒரு பெரியவர் தன் பாரத்தைக் கொடுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய வீடுகளில் கூரைத் தகட்டுக்குக் கீழே ஓடும் மெல்லிய சட்டங்கள் அதற்கானவை அல்ல. நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள், அடியில் பாய் விரியுங்கள், பார்வையில் வைத்திருங்கள். இரவு முழுவதும் உறங்க, தலையணை இல்லாத கெட்டியான விரிப்பும் நுளம்பு வலையும் ஏணையைவிடப் பாதுகாப்பானவை. புரண்டு எழும்பத் தொடங்கிய பிள்ளைக்கு ஏணையே வேண்டாம்.

லண்டன் அக்கா தள்ளுவண்டில் கொண்டந்தவா. அதையும் ஏத்துவமோ?

கொழும்புக்கு என்றால் ஏற்றுங்கள். கோயில் மணலிலும் கிரவல் வீதியிலும் அதன் சில்லு புதையும். பிறகு பிள்ளையையும் வண்டிலையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும். அக்கா காருக்கான பிள்ளை இருக்கையும் கொண்டுவந்திருந்தால், அதை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிலை ஏற்றுவது முற்றிலும் தலைகீழான முடிவு.

அப்ப மடியில வைச்சுக்கொண்டு போறது பிழையோ? நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே வளர்ந்தம்.

இருக்கை கிடைத்தால் அதுவே சரி; கைக்குழந்தை பின்பக்கம் பார்த்தபடி, வண்டியின் பின்வரிசையில். கிடைக்காத நிலையில், மடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், மூன்று விடயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். முன் ஆசனத்தில் பிள்ளையோடு இருக்கக் கூடாது. காற்றுப்பை விரிந்தால் அந்த அடியே உயிரை எடுக்கும். உங்கள் ஆசனப்பட்டிக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டக் கூடாது. நிறுத்தத்தின் வேகத்தில் உங்கள் உடல் பிள்ளையை நசுக்கும். இழுவைக் கதவோரத்தில் இருக்கக் கூடாது. கைப்பையிலும் கனமான போத்தல்கள் வேண்டாம் என்பது இதனோடு சேர்ந்தது, ஏனென்றால் திடீரென நிறுத்தும்போது அதுவும் பறக்கும்.

யாழ்தேவி புகையிரதத்தில் போவது சிறுபிள்ளைக்கு இலகு. நடக்கலாம், மலசலகூடம் இருக்கிறது. ஆனால் பெரிய பையை மேலே ஏற்றினால் கொழும்பு வரை அது கைக்கு எட்டாது என்பதால், முதல் கேள்வியில் சொன்ன கணக்கை இன்னும் இறுக்கமாகப் பாருங்கள்.

மடுத் திருவிழாவுக்கு மரத்துக்குக் கீழ கொட்டில் போட்டு மூண்டு நாள் நிக்கப் போறம். என்ன வித்தியாசமா வேணும்?

மடு மாதாவின் ஓகஸ்ட் 15 திருநாளையொட்டி வருகிறவர்களுக்குச் சோளகக் காற்றும் புழுதியும் நிச்சயம். தரையில் தார்ப்பாய், அதன் மேல் பாய், அதற்கு மேல் முழுதாகச் செருகி மூடக்கூடிய நுளம்பு வலை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் டெங்கு பகலிலும் கடிக்கும் நுளம்பால் பரவுகிறது; பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நுளம்புப் பூச்சுகள் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் கையில் பூசாமல் விடுங்கள், அது வாய்க்குள் போகும். இரவில் ரோச் இல்லாமல் பிள்ளையை இறக்கி நடக்க விடாதீர்கள், காட்டோரத்தில் பாம்பு உண்டு.

கூட்டத்தில் பிள்ளை தவறுவது இன்னொரு கவலை. சட்டையின் உட்புறத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் துணித்துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள். காலையில் அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் நின்றுகொண்டு பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று சொல்ல முடியாத தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

நயினாதீவுக்குப் படகில போகேக்க பிள்ளையைச் சேலையால நெஞ்சோட கட்டினால் பாதுகாப்புத்தானே?

நிலத்தில் அது பாதுகாப்பு, நீரில் நேர்மாறு. படகு கவிழ்ந்தால் கட்டிய பிள்ளையை விடுவிக்க முடியாது. குறிகட்டுவானில் ஏறுவதற்கு முன்பே கட்டை அவிழ்த்துக் கையில் வைத்திருங்கள். பெரியவர்களின் மிதவை அங்கி சிறுபிள்ளைக்குக் கழன்றுவிடும் என்பதால், பிள்ளை அளவில் ஒன்று இல்லையென்றால் ஒரு வயதுக்கு உட்பட்டவரை அம்மம்மாவோடு கரையில் விட்டுவிட்டுப் போவதே என் தெரிவு.

அம்மம்மா பைக்குள்ள இரும்புத் துண்டும் தேசிக்காயும் வைக்கச் சொல்லி நிக்கிறா. என்ன செய்ய?

வையுங்கள். ஒரு பெரிய திறப்பு போதும். பேனாக்கத்தியும் ஊசியும் வேண்டாம். கறுப்புப் பொட்டைக் கன்னத்தில் வைக்கலாம், கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். தேசிக்காய் எப்படியும் பயன்படும். சத்தி வரும் பெரியவர்கள் முகர்ந்துகொள்ளலாம்.

ஒன்பது மாத ஊசி போட்டு ரெண்டு நாள்தான். வெளிக்கிடலாமோ? இல்லாட்டி முதல்நாள் பின்னேரம் காய்ச்சல் காய்ஞ்சால்?

இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளுக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் வரும். அந்த இரண்டு நாளும் வீட்டில் இருங்கள். ஒன்பது மாதத்தில் போடும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி) வேறுவிதமானது. அதற்குக் காய்ச்சலோ சொரியாத மெல்லிய தடிப்போ வந்தால் ஒரு கிழமை, பத்து நாள் கழித்தே வரும். ஆகவே அடுத்த நாள் பயணம் தடையில்லை. ஊசி போட்டு எட்டாம் நாள் புறப்படுகிறவர்கள்தான் மேலே சொன்ன மருந்துப் பொதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் காரணம் தெரியாமல் காய்ச்சல் காய்ந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வெப்பமானி 38 பாகையைக் காட்டினால் பையைக் கட்டுவதை விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். முற்பணம் கொடுத்தாயிற்றே என்று தயங்கித் தயங்கி இரவில் அழைக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வானுக்கு முற்பணம் வேறு நாளுக்கு மாறும்; உங்கள் ஊர்ச் சாரதியிடமும் வாடகை பேசும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.